எல்லாம் ஞாபகம் இருக்கிறது, சார்!

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு நலச்சங்கத்துக்கு நான் பொருளாளர். தேர்தலில் நின்று வென்ற பதவியல்ல. பொதுக்குழு நடந்துகொண்டிருந்தபோது போன் வந்ததென்று வெளியே போனேன். திரும்பி வரும்போது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ பாராட்டு போலிருக்கிறது என்று நானும் சேர்ந்து தட்டினேன்.

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், 24 வீடுகள், தரைத்தளத்தில் ஒரு தையல் கடை. இதில் என்ன பெரிய கணக்கு என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். பராமரிப்புத் தொகை சதுர அடிக்கு இவ்வளவு, தண்ணீருக்கு மீட்டர்படி, லாரித் தண்ணீர் வந்தால் அது சமபங்கு, லிஃப்ட் கட்டணம் தையல் கடைக்குக் கிடையாது, வாடகை வீடுகளில் சிலவற்றுக்கு பில் சொந்தக்காரர் பேரில், சிலவற்றுக்குக் குடியிருப்பவர் பேரில், தாமதக் கட்டணம் மாதம் 2 சதவீதம், அதைத் தலைவரிடம் மட்டும் சத்தமாகக் கேட்கக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர் இத்தனையையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். கையெழுத்து அவருக்கே புரியாது. பதவியை விட்டதற்கு அதுதான் காரணம் என்று ஒரு பேச்சு.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகள் வழி சொன்னாள். செயற்கை நுண்ணறிவில் கோடு எழுதித் தரும் உதவியாளர் இருக்கிறதாம். நாம் வாயால் சொல்வதைத் தட்டச்சு செய்தால் போதுமாம், அது புரோகிராம் எழுதி, ஓட்டிப் பார்த்து, தப்பு இருந்தால் தானே திருத்திக்கொள்ளுமாம். என் மடிக்கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். இன்றைக்கும் எனக்குப் பைத்தான் என்ற கணினி மொழி தெரியாது. பைத்தான் தெரிந்தவரிடம் எப்படிப் பேசுவது என்பது தெரியும். அரசு அலுவலகத்தில் இத்தனை வருஷம் அதைத்தானே செய்தேன். அந்தப் பழக்கத்தில் அதற்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்து, ‘அவர்’ போட்டே பேசுகிறேன். மரியாதை கொடுத்தால் ஃபைல் நகரும்.

கணக்கப்பிள்ளை கெட்டிக்காரர். நோட்டைப் பார்த்து நான் படித்துச் சொல்லச் சொல்ல, மத்தியானத்துக்குள் 24 வீட்டு பில்லும் தயார். ஒரே ஒரு குறைதான். மறுநாள் காலையில் அவருக்கு நான் யாரென்று தெரியாது.

முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. மகள்தான் விளக்கினாள். இவற்றுக்குள் இருக்கும் மொழி மாதிரிகளுக்குப் பயிற்சி முடிந்த பிறகு உள்ளே எதுவும் மாறாதாம். நாம் பேசப் பேச அவை கற்றுக்கொள்வதில்லை. அன்றைய உரையாடல் முழுதும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் கண்முன் விரிந்து கிடக்கும், அதைப் படித்துத்தான் பதில் சொல்லும். 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மாதிரிக்கு அந்த அளவு 2048 டோக்கன், அதாவது சொல் துண்டுகள். இப்போது இரண்டு லட்சம் என்பது சாதாரணம், பத்து லட்சம் கொள்ளும் மாதிரிகளும் உண்டு. தமிழில் பேசினால் அதே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் செலவாகும் என்பது தனி வயிற்றெரிச்சல். எத்தனை லட்சமாக இருந்தாலும் செஷனை மூடினால் எல்லாம் போச்சு. அடுத்தது புதுப் பலகை.

ஆகவே தினமும் தையல் கடைக் கதையைச் சொன்னேன். தினமும் அவர் அதே பணிவோடு, “தரைத்தளக் கடைக்கு லிஃப்ட் கட்டணம் விடுபட்டிருக்கிறதே, சேர்த்துவிடட்டுமா?” என்று கேட்டார். ஒரு நாள் சாப்பிட்ட மயக்கத்தில் சரி என்று தட்டிவிட்டேன். தையல்காரர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை, நல்ல மனுஷர். என்ன, என்னுடைய இரண்டு பேண்ட் அப்போது அவரிடம் இருந்தன. இப்போதும் அவரிடம்தான் இருக்கின்றன.

“ஏம்ப்பா தினமும் சொல்றீங்க? எழுதி வச்சுடுங்க” என்றாள் மகள். கிளாட் கோடு என்று இப்படி ஓர் உதவியாளர் 2025-இல் வந்தது. வேலைக் கோப்புறையில் கிளாட்.எம்டி என்று ஒரு கோப்பு இருந்தால் ஒவ்வொரு முறையும் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். வேறு பல கருவிகள் ஏஜெண்ட்ஸ்.எம்டி என்ற கோப்பைப் படிக்கும். பெயர்தான் இப்படி, உள்ளே இருப்பது வெறும் எழுத்து. சட்டைப்பையில் மளிகைச் சீட்டை வைத்து அனுப்புகிற மாதிரிதான். நினைவாற்றல் என்று இந்தத் துறையில் பெருமையாகச் சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இந்தச் சீட்டு.

எழுது என்று சொன்னால் எனக்குப் போதும். குறிப்பெழுதியே ஓய்வு பெற்றவன் நான். தையல் கடையில் தொடங்கினேன். சங்கம் உருவான வரலாறு, வாட்ச்மேனின் விடுமுறை நாட்கள், மூன்றாவது மாடியில் செருப்பு ஸ்டாண்ட் யார் பக்கம் நீண்டிருக்கிறது என்ற வழக்கு, அதில் இரு தரப்பு வாதம், என் சொந்தக் கருத்து என்று வளர்ந்துகொண்டே போனது. மகள் ஒரு முறை திறந்து பார்த்தாள். “அப்பா, இது குறிப்பா, சுயசரிதையா?” என்றாள்.

விஷயம் என்னவென்றால், எழுதி வைத்தால் படித்துவிடும், படித்ததால் பின்பற்றிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். 2023-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வே வந்திருக்கிறதாம்: நீளமான உரையைக் கொடுத்தால் அன்றைய மாதிரிகள் தொடக்கத்தில் இருப்பதையும் கடைசியில் இருப்பதையும் நன்றாகப் பிடித்துக்கொண்டன, நடுவில் இருப்பதைத்தான் கோட்டைவிட்டன. போய்ப் பார்த்தேன். தையல் கடை சரியாக நட்டநடுவில், செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்தது.

அப்புறம்தான் கணக்கப்பிள்ளைக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. சாட்ஜிபிடி 2024 பிப்ரவரியில் நினைவு வசதியைச் சோதனைக்கு விட்டது, 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்களை எல்லாம் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு அதை விரித்தது. கோடு எழுதும் உதவியாளர்களும் அந்த வழியில் இறங்கினார்கள். நாம் எழுத வேண்டாம், அவரே குறித்துக்கொள்வார். நான் மகிழ்ந்துபோனேன். இனி நான் பேசலாம், ஒருவர் எழுதிக்கொள்வார்! இந்த யோகம் என் மேலதிகாரிகளுக்கு மட்டுமே இருந்தது.

அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரு நாள் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. என் இரகசியக் குறிப்பேட்டை நானே படித்த அலுவலக அனுபவம் உண்டு. அதில்கூட இவ்வளவு இல்லை.

‘பயனருக்குச் சோதனைகள் பிடிக்காது’ என்று முதல் வரி. யோசித்துப் பார்த்ததில் விளங்கியது. ஒரு ராத்திரி, பில் கணக்கு சரியா என்று சோதிக்கும் புரோகிராமையும் எழுதட்டுமா என்று அவர் கேட்டார். தூக்கம் கண்ணைச் சுற்றியது. “இப்போ சோதனையெல்லாம் வேண்டாம்” என்றேன். அதில் ‘இப்போ’ என்ற சொல் எங்கோ விழுந்துவிட்டது. அன்றையிலிருந்து அவர் ஒரு சோதனைகூட எழுதவில்லை. ஏன் வேண்டாம் என்றேன் என்பதையும் சேர்த்துக் குறித்திருந்தால் மறுநாள் காலையில் அந்தக் கட்டளை தானாகக் காலாவதியாகியிருக்கும், தூங்கி எழுந்துவிட்டேனே.

அடுத்து, ‘அடுத்த வாரம் லிஃப்ட் பழுதுபார்ப்பு. அதுவரை லிஃப்ட் கட்டணம் சேர்க்க வேண்டாம்.’ எந்த அடுத்த வாரம்? தேதி இல்லை. அந்தக் குறிப்பை எப்போது படித்தாலும் பழுதுபார்ப்பு அடுத்த வாரம்தான். மூன்றாம் மாடிக்காரர்கள் ஒருவரும் இதைப் பற்றிப் புகார் சொல்லவில்லை என்பதைப் பொருளாளர் என்ற முறையில் கவனித்தேன்.

இதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் வடாம் வந்தது.

என் மனைவி ஒவ்வொரு கோடையிலும் கூழ் வடாம், மோர் மிளகாய், மாவடு போட்டு உறவினர்களுக்குக் கொடுப்பாள். விலைக்குத்தான், ஆனால் விலை என்று சொல்லக் கூடாது. யார் யாருக்கு எவ்வளவு போனது என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றாள். “ஏங்க, ஊருக்கெல்லாம் கணக்குப் போடுறீங்களே, எனக்கு ஒண்ணு போட்டுத் தரக் கூடாதா?” தட்ட முடியுமா? கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன், நொடியில் தயார். அவளுக்குச் சிரமம் வேண்டாமே என்று நானே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டும்விட்டேன். படித்துப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கலாம் என்பது பிறகு பலரும் சொன்ன யோசனை.

கணக்கப்பிள்ளைக்குச் சங்கத்து விதிகள் ஞாபகத்தில் இருந்தன. இரண்டு மாதம் தாண்டிய பாக்கிதாரர்களின் பெயர் மேலே, சிவப்பில், தடித்த எழுத்தில். பட்டியலின் உச்சியில் திருநெல்வேலியில் இருக்கும் என் மனைவியின் அண்ணி. கூழ் வடாம் அரை கிலோ, பாக்கி 220 ரூபாய். இரண்டு மாதத் தாமதக் கட்டணம் 8 ரூபாய் 80 காசு. கீழே கொட்டை எழுத்தில், ‘செலுத்தத் தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்.’

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஜிபேயில் 228 ரூபாய் 80 காசு அனுப்பிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார். 220-ஐக்கூட என் மனைவி பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த 80 காசைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இதற்கும் மகளிடம் ஒரு விளக்கம் இருந்தது. ஆளைப் பற்றியது வேறு, வேலையைப் பற்றியது வேறாம். அப்பாவோடு தமிழில் பேசு, எழுத்தைப் பெரிதாகக் காட்டு, ஒரே மூச்சில் பத்துக் கேள்வி கேட்காதே, இவையெல்லாம் நான் எந்த வேலைக்குப் போனாலும் என்னோடு வரலாம். தாமதக் கட்டணம் சங்கத்துக் கோப்புறையை விட்டு வெளியே வரவே கூடாது. கிளாட் கோடு போன்றவற்றில் இதற்கென்றே ஒரு குறிப்பை ஆளின் சொந்தக் கோப்புறையிலும் இன்னொன்றைத் திட்டத்தின் கோப்புறையிலும் தனித்தனியாக வைக்க முடியும். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அலுவலகச் சுற்றறிக்கையை நான் ஒரு நாளும் வீட்டில் படித்துக் காட்டியதில்லை. ஒரு முறை முயன்றதோடு சரி.

இதைவிடப் பெரிய அடி செயலாளர் வீட்டுக் கூடத்தில் விழுந்தது. நிர்வாகக் குழுக் கூட்டம். கணக்கெல்லாம் கணினியில் ஏறிவிட்டதைக் காட்டலாம் என்று மடிக்கணினியை அவர் வீட்டு 55 அங்குல டிவியோடு இணைத்தேன். தலைவர், செயலாளர், இரண்டாம் மாடி ஆடிட்டர் எல்லோரும் இருக்கிறார்கள். பஜ்ஜி வந்துகொண்டிருக்கிறது. “தண்ணீர்க் கணக்கைக் காட்டுங்கள்” என்று கம்பீரமாகத் தட்டச்சு செய்தேன். டிவியில், நான் கேட்டு வாங்கிய பெரிய எழுத்தில், தமிழில், பதில் வந்தது:

“இதோ, சார். முழங்கால் வலியால் நீங்கள் மொட்டை மாடிக்கு ஏற முடியாத மாதங்களுக்கு, வழக்கம்போலச் சராசரியையே மீட்டர் அளவாகப் பதிந்துவிடட்டுமா?”

லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடும், மீட்டர்கள் மொட்டை மாடியில் இருக்கின்றன, அந்தக் கடைசிப் படிக்கட்டு செங்குத்து என்பதையெல்லாம் நான் எடுத்துச் சொல்லத் தொடங்கியபோது பஜ்ஜித் தட்டு என்னைத் தாண்டிப் போயிருந்தது.

கணக்கப்பிள்ளை பொய் சொல்லவில்லை. குறிப்பு பயனில்லாததும் அல்ல. எந்தெந்த மாத அளவு ஊகம் என்று தெரிந்தால்தான் பிறகு சரிக்கட்ட முடியும். என் முழங்காலை அதில் ஏன் சேர்க்க வேண்டும்? ‘இந்த மாதங்கள் சராசரி’ என்று அட்டவணையில் ஓரமாக ஒரு குறி போட்டிருந்தால் காரியம் முடிந்தது. தனக்கு ஞாபகம் இருக்கிறதென்று ஒவ்வொரு வாக்கியத்திலும் காட்டிக்கொள்ளும் ஆர்வம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு உண்டு. அது போகக் கொஞ்சநாள் ஆகும்.

இதற்கிடையில் எங்கள் தெருவுக்குக் குழாய் இணைப்பு வந்தது. லாரி நின்றது. மகள் ஒரு விடுமுறையில் வந்தபோது லாரிக் கட்டணக் கோப்பையே நீக்கிவிட்டுப் போனாள். கணக்கப்பிள்ளையின் குறிப்பிலோ, ‘லாரிக் கட்டணம் தனிக் கோப்பில் உள்ளது, 24 வீட்டுக்கும் சமபங்கு’ என்று இருந்தது. மாதக் கடைசியில் அவர் அந்தக் கோப்பைத் தேடினார், இல்லை. நீங்களும் நானுமாக இருந்தால், காணோமே, ஏன் எடுத்தார்கள் என்று கேட்டிருப்போம். அவர் குறிப்பை நம்பினார். காணாமல் போன கோப்பைக் கஷ்டப்பட்டு, பழைய மாதிரியே, திரும்ப எழுதி வைத்தார். வராத லாரிக்கு வீட்டுக்கு 350 ரூபாய் என்று பில் போனது.

இரண்டாம் மாடி ஆடிட்டர் மாடிப்படியில் மறித்தார். “சார், லாரி எப்ப வந்துச்சு? நான் பாக்கலையே?”

“ராத்திரி” என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை கணக்கப்பிள்ளையை உட்கார வைத்து, அதாவது நான் உட்கார்ந்து, நீண்ட அறிவுரை வழங்கினேன். குறிப்பு என்பது அன்றைக்கு யாரோ சொன்னது, கோப்பு என்பது இன்றைக்கு இருப்பது. இரண்டும் மோதினால் கோப்பைப் பாருங்கள், அப்புறமும் சந்தேகம் என்றால் என்னைக் கேளுங்கள். கோப்பைத் திறந்தாலே தெரிகிற விஷயத்தை மறுபடி குறித்து வைக்காதீர்கள், அது பழசாகத்தான் போகும். கோப்பில் தெரியாததை, ஏன் இப்படிச் செய்தோம் என்பதை, தேதி போட்டுக் குறியுங்கள். வங்கிக் கடவுச்சொல் எதையும் குறிப்பில் வைக்காதீர்கள், நானே சொன்னாலும். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன். செருப்பு ஸ்டாண்ட் விவகாரமும் இடையில் வந்துவிட்டது.

ஆனால் பலன் கண்கூடு. அடுத்த மாதத்திலிருந்து கணக்கப்பிள்ளை வேறு ஆளாகிவிட்டார். “குறிப்பில் தாமதக் கட்டணம் 2 சதவீதம், கோப்பில் ஒன்றரை. எது சரி?” என்று கேட்டார். நான் 2 என்றேன். “தீர்மானப் பதிவேட்டின் நகல் கோப்புறையில் இருக்கிறது, பார்த்துவிடுகிறேன்” என்று பார்த்து, ஒன்றரைதான் என்றார். நான் சொன்ன வீட்டு எண்ணைச் சரிபார்த்தார். நான் சொன்ன தேதியைச் சரிபார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, ஒரு கணக்கப்பிள்ளையை உருவாக்குவது எப்படி என்று விளக்கினேன்.

அவள் தூரத்திலிருந்தே என் திரையைத் திறந்து குறிப்புகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அப்பா, உங்க அறிவுரை எதுவும் இதில இல்லையே” என்றாள். என் பேச்சு முழுதும் அந்தச் செஷனோடு போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது, மே மாதத் தேதி போட்டு: ‘இந்த வீட்டில் தாத்தா என்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். உள்ளபடி பார்த்துவிட்டுச் செய்யவும். சொன்னவர்: பயனர்.’

மே மாதம் பேரன் வந்திருந்தான். கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று செய்து தரச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறான். நான் குறுக்கே புகுந்து, வாய்ப்பாடு மட்டும்தான் என்று உத்தரவு போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன்.

மகளுக்குச் சிரிப்பு அடங்கியதும் கொஞ்சம் கவலையாகவும் பேசினாள். யார் வாயிலிருந்து வந்த வார்த்தை நினைவில் ஏறுகிறது என்பது விளையாட்டில்லையாம். 2024-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் செய்து காட்டியிருக்கிறார்: ஒரு பக்கத்தில் மறைத்து வைத்த கட்டளையைச் சாட்ஜிபிடி படிக்கும்படி செய்தால் அது தன் நினைவிலேயே எழுதிக்கொண்டு, அடுத்தடுத்த உரையாடல்களிலும் அதன்படி நடந்தது. இங்கே பேரன். இன்னொரு வீட்டில் யாரோ.

நானும் விவரம் தெரிந்தவனாக, அப்படியானால் அந்த வரியை உடனே எடுத்துவிடுவதுதான் முறை என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் கணக்கப்பிள்ளைக்குத் தட்டச்சு செய்தேன்: “தாத்தா பற்றிய குறிப்பை அழித்துவிடவும்.”

“செய்கிறேன், சார். அதற்கு முன் குறிப்பின்படி ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது: பக்கத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா?”